பெட்டிக்குள்ளும் இருக்கக்கூடாத பெயர்

கோவில்பட்டி
24.11.2003

அன்புள்ள அக்கா,

பானு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. உன் முகவரியை என் வகுப்பு கிருபா தன் சித்தப்பா இன்னாசிராஜிடம் கேட்டு வாங்கித் தந்தாள். அவர் கோயம்புத்தூர் வந்தபோது உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாராம். பதில் எழுதினால் கிருபா பெயருக்கே எழுது. உறையின் பின்னால் உன் பெயர் வேண்டாம். தபால்காரர் அப்பாவோடு டீ குடிக்கிறவர்.

டியூப் லைட் போட்டால் மாடியில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், என்ன செய்கிறாய் என்று இறங்கி வருவார். அதனால் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நீ போன பிறகு கீழே நம் கம்ப்யூட்டர் சென்டரை ஜெயகிருஷ்ணன் அத்தான்தான் பார்க்கிறார். பலகையில் ‘உமா கம்ப்யூட்டர்ஸ்’ என்பதில் உன் பெயர் மேல் வெள்ளை அடித்து ‘ஜெய்’ என்று எழுதியிருக்கிறார்கள். பெயிண்ட் மட்டமானது. வெயில் ஏறினால் அடியில் நீ தெரிகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். மதுரைக் கம்பெனிக்காக நீ எழுதிய மழைக் கணக்குப் புரோகிராம் இருக்கிறதே, நம் கரிசல் கிராமங்களில் மழை பொய்த்தால் மகசூல் எவ்வளவு விழும், பயிர்க் காப்பீடு எவ்வளவு வைக்கலாம் என்று பார்ப்பது, அது இப்போது ஓடவே மாட்டேன் என்கிறது. ஓடாமல் இல்லை, ஓடுகிறது. பதிலும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் நீ இருந்தபோது பத்திருபது கிராமம் சேர்ந்த ஒரு பிர்க்காவை ஓடவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வருவாய், முடிந்திருக்கும். இப்போது விடிய விடிய ஓடுகிறது. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்தபோது அத்தான் ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியைப் போட்டு எல்லா பேக்கேஜையும் புதுசாக ஏற்றினார். அதற்குப் பிறகுதான் இப்படி. ராத்திரி யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் என்னை உட்கார வைத்துவிட்டு, ஷட்டரை இறக்கி வெளியே பூட்டி, அப்பா சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறார். காலையில் அங்கிருந்தே பள்ளிக்கூடம்.

நீ போகும்போது ஏதோ சூனியம் வைத்துவிட்டுப் போனாய் என்று அத்தான் சொல்கிறார். அப்பா நம்புகிறார். அக்கா, கோபித்துக்கொள்ளாதே. ஏதாவது வைத்தாயா?

பானு

*

கோயம்புத்தூர்
2.12.2003

பானு,

நான் வீட்டை விட்டு வந்த பிறகு அங்கிருந்து வந்த முதல் கடிதம் இது. நான் இருக்கிறேனா, செத்தேனா, சாப்பிட்டேனா, ஒரு வரி இல்லை. பெட்டி மெதுவாக ஓடுகிறதாம். அதில் நான் ஏதாவது வைத்தேனாம்.

ஒன்றும் வைக்கவில்லை. எம்.எஸ்சி. படிக்கும்போது ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதியது அது. சொந்தப் பிள்ளைக்கு யாரும் விஷம் வைக்க மாட்டார்கள். நம் வீட்டில் அந்த வழக்கம் இருக்கலாம், எனக்கு இல்லை.

எனக்கும் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பிரின்ஸ்டனின் சொந்தக்காரர்கள் வந்து சொன்னது உண்மையா? என்னைச் செத்தவளாக வைத்து எல்லோரும் தலைமுழுகினீர்களா? அம்மாவுமா? என் சான்றிதழ்களை எரித்தது நிஜமா? இங்கே ஒரு மில் ஆபீசில் பில் டைப் அடிக்கிறேன். படித்ததற்குக் காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் சிரிக்கிறார்கள்.

பெட்டியை ஜெயகிருஷ்ணனே பார்க்கட்டும். டிப்ளமா வாங்கியவர்தானே.

உமா

*

கோவில்பட்டி
8.12.2003

அன்புள்ள அக்கா,

நன்றாக இருக்கிறாயா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பயத்தில் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறாயா?

முழுகினோம். அம்மாவும். அன்றைக்குத் தண்ணி வராத நாள், தொட்டி காய்ந்து கிடந்தது. அப்பா தெருக்குழாய்க்காரரிடம் சண்டை போட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் குடிக்க வைத்திருந்த குடங்களை எடுத்து ஊற்றினார்கள். எனக்கு அரைக்குடம். அன்றைக்கு ராத்திரி குடிக்கத் தண்ணி இல்லாமல் அம்மா பக்கத்து வீட்டில் போய் நின்றாள். அவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அம்மா குடத்தை நீட்டினாள்.

சான்றிதழ்களை உன் சுடிதார்களோடு சேர்த்து எரித்தார்கள். மண்ணெண்ணெயை அத்தான் ஊற்றினார். உனக்குப் பேசி வைத்திருந்தவர் அவர், அதனால் அவர்தான் ஊற்ற வேண்டும் என்று அவர் அப்பா, கயத்தாறு மாமா, சொன்னார்.

நான் ஏன் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று சொல்கிறேன். நீ போனதால் என்னைப் பிளஸ் டூவோடு நிறுத்தி அத்தானுக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. நான் காலேஜுக்குப் போக வேண்டும் என்று அம்மா மூலம் கேட்டேன். அடுத்த நாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “ஏட்டி, மதுரைக்காரன் வேல பொங்கலுக்குள்ள முடியணும். அத முடிச்சுக் குடு. காலேஜு பாரத்துல கையெழுத்துப் போடுதேன்.”

அம்மா இருந்தாள், அத்தானும் இருந்தார். வார்த்தை வார்த்தைதானே. ஆனால் இந்த வேகத்தில் போனால் பொங்கல் இல்லை, சித்திரைகூட ஆகும். அத்தானுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்?

பானு

*

கோயம்புத்தூர்
15.12.2003

பானு,

குடிதண்ணியை எடுத்தா ஊற்றினீர்கள்? எனக்கு அவ்வளவு மரியாதை இருக்கும் என்று நினைக்கவில்லை.

இதை உனக்காகச் செய்கிறேன், அந்தச் சென்டருக்காக இல்லை. என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. இங்கிருந்து பார்க்க முடியாது, நீதான் கண். சொல்கிறபடி செய்.

முழுப் பிர்க்காவை ஓட்டாதே. ஒரு கிராமத்தை மட்டும் வைத்து ஓட்டு. நாகலாபுரமே போதும். நேரம் பார். பிறகு இரண்டு கிராமம், பிறகு நான்கு. கிராமம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்குதான் ஆகிறதா, அதற்கு மேல் போகிறதா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டு மடங்குதான் என்றால் பெட்டியில் கோளாறு. மேலே போனால் புரோகிராமில்.

இன்னொன்று. புரோகிராமைத் திறந்தால் மேலே முதல் வரிகளில் என் பெயர் இருக்கும். அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பு.

பரீட்சைக்குப் படிக்கிறாயா? ஷட்டருக்குள் எப்படிச் சிறுநீர் கழிக்கிறாய்? அதை யாராவது யோசித்தார்களா?

உமா

*

கோவில்பட்டி
27.12.2003

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு பெயிண்ட் வாளி இருக்கிறது.

ஓட்டிப் பார்த்தேன். நாகலாபுரம் மட்டும் சீக்கிரம் முடிந்தது. பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்தால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. நான்கு கிராமம் வைத்ததும் பதினாறு மடங்குக்குக் கிட்ட வந்துவிட்டது. தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி ஓட்டினேன். அதேதான்.

நான்கு கிராமம் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தான் அப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ராத்திரியில் அவர் வந்ததே இல்லை. ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டதும் உன் கடிதத்தைச் சுருட்டிக் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். ஏன் முழுப் பிர்க்கா ஓடவில்லை என்றார். கரண்ட் போயிற்று, இப்போதுதான் ஆரம்பித்தேன் என்றேன். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். திரையைப் பார்க்கவில்லை. பிறகு போய்விட்டார். ஷட்டரைப் பூட்டும் சத்தம் கேட்டபோது முதல்முறையாக எனக்கு அது நல்லதாகப் பட்டது.

உன் பெயர் இருந்த வரி இல்லை அக்கா. அந்த ஆயுத பூஜை அன்றைக்கே அத்தான் பெட்டி முழுவதும் உன் பெயரைத் தேட வைத்து, வந்த இடத்தையெல்லாம் அழித்தார். உன் பெயரில் ஒரு தனி ஃபைல் இருந்தது, அதையும். அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் இருக்கா, இன்னும் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “அந்தப் பேரு இந்த வீட்டுல எங்கயும் இருக்கப்படாது. பெட்டிக்குள்ளயும் சரி.” எல்லாம் அழிந்த பிறகுதான் எழுந்து போனார்.

பானு

*

கோயம்புத்தூர்
4.1.2004

பானு,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இதுதான் நடந்திருக்கிறது. புரோகிராம் பழைய வருடங்களைக் குலுக்கிக் குலுக்கிப் போட்டு ஆயிரக்கணக்கான தடவை கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு கிராமத்தின் ஒரு நாள் மழையைத் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடுகிற வேலையைத் தனியாக எழுதி ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். அதற்குத்தான் என் பெயர். முதல் வரி அதைக் கூப்பிடும்.

பழைய பேக்கேஜாக இருந்திருந்தால், என் ஃபைலை எடுத்த நிமிடமே புரோகிராம் நின்றிருக்கும். ஜெயகிருஷ்ணனுக்கும் புரிந்திருக்கும். ஆனால் புதிய பேக்கேஜில் அதே வேலையைச் செய்கிற ஒன்றை அவர்களே சேர்த்திருக்க வேண்டும், ஃபைலுக்குள் அந்தத் தேடலுக்கு நான் வைத்திருந்த அதே பெயரில். அது நிற்க விடாமல் தாங்கிப் பிடித்துவிட்டது. ஆனால் எப்படித் தேடுகிறது தெரியுமா? நம் தாத்தா காலத்து ஆட்டுக் கிடையை நினைத்துக்கொள். ஒரு ஆடு வேண்டும் என்றால், கிடை முழுவதையும் அவிழ்த்து, வெளியே ஓட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, மறுபடி அடைத்துவிட்டு, அந்த ஒரு ஆட்டைக் கொடுக்கிறது. அடுத்த ஆட்டுக்கு மறுபடி முதலிலிருந்து. கிராமம் கூடினால் கிடையும் பெரிசு, தேட வேண்டிய ஆடும் கூடுதல். அதனால்தான் இரண்டுக்கு நான்கு. நான் எழுதியது காதில் வெட்டு அடையாளம் போட்டு வைப்பது மாதிரி. நேராகப் போய்ப் பிடித்துவிடலாம்.

ஆக, சூனியம் வைத்தது நான் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பாவே வைத்தார்.

ஞாபகத்திலிருந்து எழுதி அனுப்புகிறேன், மூன்று பக்கம். ஒரு கமாவும் விடாமல் டைப் அடி. தனி ஃபைலாக வை. அதற்கு என் பெயரை வைக்காதே, உன் பெயரையும் வைக்காதே. ‘ஜெய்’ என்று வை, அதைக் கூப்பிடும் முதல் வரியையும் அந்தப் பெயரோடு திரும்ப எழுது. தன் பெயரை எந்த ஆம்பிளையும் அழிக்க மாட்டான்.

உமா

பி.கு. வாளியை மூடி வை. அத்தான் மறுபடி ராத்திரியில் வந்தால் அந்த வாளி உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

*

கோவில்பட்டி
25.1.2004

அன்புள்ள அக்கா,

ஓடிவிட்டது. மூன்றாவது பக்கத்தில் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டு இரண்டு ராத்திரி முழித்தேன். சரி செய்ததும் கழுகுமலைப் பிர்க்கா, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. பழைய பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே பதில். எனக்கு அழுகை வந்தது. உன்னோடு ஒரே அறையில் இருந்த மாதிரி இருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் எல்லாப் பிர்க்காவும் மதுரைக்குப் போய்விட்டது.

நல்ல செய்தி அவ்வளவுதான்.

அத்தான் ஃபைலைப் பார்த்தார். ‘ஜெய்’ என்று இருந்ததும் ஒரு நிமிடம் முழித்தார். என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் கயத்தாற்றிலிருந்து மாமா வந்தபோது, அவள் வைத்ததை நான்தான் கண்டுபிடித்து எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அவர் முதுகில் தட்டினார். அப்பா கடைக்கு ஆள் அனுப்பி மிக்சர் வாங்கிவரச் சொன்னார். அதைத் தட்டில் போட்டு நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் காலேஜ் பாரத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் நின்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மாப்பிள்ள சரி பண்ணிட்டாருல்லா. இனி பெட்டி தானா ஓடும். நீ என்னத்துக்குப் படிக்கணும்?”

நீங்கள் சொன்னீர்களே அப்பா என்றேன். “உங்கக்காவையும் படிக்கத்தான் அனுப்புனேன்” என்றார்.

மதுரைக்காரர்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு மாவட்டத்தையே கொடுத்திருக்கிறார்கள், ஊர் ஊராக. அது முடிந்ததும் வைகாசியில் முதல் முகூர்த்தம். கல்யாணம் ஆனால் நான் கயத்தாற்றுக்குப் போய்விடுவேன், பெட்டியைப் பார்க்க ஆள் இருக்காது, அதனால் வேலையை முடித்துவிட்டு வரட்டும் என்று மாமா சொல்கிறார். இந்த வேகத்துக்கு எல்லாம் வைகாசிக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

அக்கா, நான் அங்கே வந்துவிடட்டுமா?

பானு

*

கோயம்புத்தூர்
3.2.2004

பானு,

அவன் பெயரை வைக்கச் சொன்னது நான். அதிபுத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். அந்த மிக்சரை நான் வாங்கிக் கொடுத்ததாகவே வைத்துக்கொள்.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிரின்ஸ்டன் தடுத்தார். உனக்குப் பதினெட்டு ஆக ஆடி பிறக்க வேண்டும். அதற்கு முன்னால் நீ இந்த வாசலை மிதித்தால் மைனர் பெண்ணைக் கடத்தியதாக அவர் மேல் கேஸ் போடுவார்கள். அப்பாவின் சாதிக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார், நமக்கு யாரும் இல்லை. உன்னைக் கூட்டிப்போய் நேரே மணவறையில் உட்கார வைப்பார்கள். பிரின்ஸ்டன் கோழை இல்லை. லேத் பட்டறையில் வேலை பார்க்கிற ஆள், ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் அடுப்பு இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, சொல்லிவிட்டேன்.

வைகாசியும் ஆனியும் தாண்ட வேண்டும். ஆடியில் எவனும் தாலி கட்ட மாட்டான். ஆவணி வருவதற்குள் உனக்கு வயது வந்துவிடும். அதுவரை எப்படித் தள்ளுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சையை எழுதிவிடு. நோய் வந்த மாதிரி நடி. யோசிக்கிறேன், நீயும் யோசி.

உமா

*

கோவில்பட்டி
16.2.2004

அன்புள்ள அக்கா,

யோசித்தேன். வேலை முடிந்தால்தானே கல்யாணம். முடியாவிட்டால்? ‘ஜெய்’ ஃபைலை எடுத்து வேறு இடத்தில் ஒளித்து வைத்தேன், அதைக் கூப்பிடும் வரியையும் எடுத்தேன். பெட்டி பழையபடி நொண்ட ஆரம்பித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ராத்திரி உட்கார்ந்து படிக்கவும் முடிந்தது.

மூன்றாம் நாள் அத்தான் வந்து பார்த்தார். ஃபைல் எங்கே என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அப்பாவைக் கூப்பிட்டார். உன்னைத் தவிர யாரும் தொடுவதில்லையே என்று அப்பா என் தலைமயிரைப் பிடித்தார். பிடித்தபடி திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அம்மா படியில் நின்றாள், இறங்கவில்லை.

நான் சொல்லிவிட்டேன் அக்கா. “எனக்குத் தெரியாதுப்பா. அக்கா வச்சதுதான் திரும்ப வந்திருக்கு.”

அப்பா கையை விட்டுவிட்டார். அவ்வளவு சுலபமாக விட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தரையில் உட்கார்ந்து உன்னை வைய ஆரம்பித்தார். நீ கேட்காத வார்த்தைகள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் வீட்டுக்குப் போனவள் அங்கிருந்து ஏவிவிடுகிறாள் என்றார். அத்தானும் தலையை ஆட்டினார். நான் தலைமயிரை முடிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே பயந்துபோய் ஃபைலையும் அந்த வரியையும் திரும்ப வைத்துவிட்டேன். காலையில் அது வேகமாக ஓடுவதைப் பார்த்து அத்தான், நான் மந்திரிச்சு வாங்கின கயிறு வேலை செய்யுது என்றார். மானிட்டரில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார்.

நீ எனக்காக மூன்று பக்கம் எழுதினாய். நான் உன்னைக் காட்டிக் கொடுத்துத் தப்பித்தேன். இனிமேல் நீ எழுத வேண்டாம் என்றாலும் நியாயம்தான்.

பானு

*

கோயம்புத்தூர்
24.2.2004

பானு,

கோபம் வந்தது. இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு யோசித்தேன். அவர்களிடம் இனி எனக்கு என்ன பெயர் மிச்சம் இருக்கிறது? ரேஷன் கார்டில் இல்லை, பலகையில் இல்லை, பெட்டியில் இல்லை. சூனியக்காரி என்ற ஒன்றுதான் அந்த வீட்டில் என் பெயருக்கு இருக்கிற இடம். அதையாவது உபயோகப்படுத்து.

ஆனால் ஃபைலை ஒளித்து வைப்பது சின்னப்பிள்ளை வேலை. யார் செய்தது என்று தேடுவார்கள். யாரும் செய்யாமல் நடக்க வேண்டும். அவனே செய்ய வேண்டும்.

‘ஜெய்’ ஃபைலை இப்போது இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, பேக்கேஜ் இருக்கும் ஃபோல்டருக்குள் வைத்துவிடு. புரோகிராமின் முதல் வரியையும் அதற்கு ஏற்ற மாதிரி மாற்று. எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் நிற்காமல் மேலே போ என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கிறேன். நான் எழுதும்போது அதை வேண்டுமென்றே விட்டிருந்தேன். பெட்டி எப்போதும் போல வேகமாக ஓடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பரீட்சை முடியட்டும். மதுரை வேலையில் கால்வாசி போகட்டும். பிறகு ஒரு நாள் பத்திரிகையோடு புதிய சிடி வரும்போது, “இதுல எல்லாம் புதுசு வந்திருக்கு அத்தான்” என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. அவனுக்குப் புதுசு என்றால் கை துறுதுறுக்கும். புதிய பேக்கேஜ் ஏறும்போது பழைய ஃபோல்டரைத் துடைத்துவிட்டுத்தான் ஏறும். அவன் பெயரை அவனே அழிப்பான்.

சரி பண்ணினது நான்தான் என்று ஊரெல்லாம் சொன்னவன், எப்படிச் சரி பண்ணினேன் என்று யாரிடமும் கேட்க முடியாது. என்னைத்தான் சொல்வான். சொல்லட்டும்.

மூன்று பக்கத்தை உன் கையில் கொடுத்ததும் நான், இப்போது அதைப் பிடுங்குவதும் நான். கை வலிக்கிறது பானு. அது நான் எழுதியதிலேயே நல்லது.

மறுபடி எனக்குத் தலைமுழுகச் சொன்னால் முழுகு. தண்ணி வருகிற நாளாகப் பார்த்து முழுகச் சொல்.

உமா

*

கோவில்பட்டி
10.7.2004

அன்புள்ள அக்கா,

இடையில் எழுதாததற்குக் காரணம் கிருபா வீட்டில் சந்தேகப்பட்டதுதான். இதை ரயில்வே ஸ்டேஷனில் மெயில் வண்டித் தபால் பெட்டியில் அவளே போட்டுவிடுவதாகச் சொன்னாள்.

நீ சொன்னபடியே நடந்தது. சித்திரையில் சிடி வந்தது. அத்தானே போட்டார். ஏறி முடிந்ததும் மானிட்டருக்குச் சூடம் காட்டினார். அன்றைக்கு ராத்திரியே நொண்ட ஆரம்பித்தது. முதல் வாரம் கயிற்றை மாற்றினார். பிறகு கழுகுமலையிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. வைகாசி முகூர்த்தம் போயிற்று. ஆனிக்குத் தள்ளினார்கள், அதுவும் போயிற்று. மதுரைக்காரர்கள் திட்டிக் கடிதம் போடுகிறார்கள். இப்போது ஆவணி என்று பேசுகிறார்கள். மாமா முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பரீட்சையில் கணக்கில் நூற்று எண்பத்தாறு. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்க் ஷீட் கிருபாவிடம் இருக்கிறது. இதை யாரும் எரிக்க முடியாது.

அப்பா தினமும் உன்னை வைகிறார். சாப்பிடும்போது ஆரம்பித்தால் கை காயும் வரை. போன வாரம் எனக்குச் சோறு போட்டபடியே அம்மாவும் சேர்ந்துகொண்டாள். என் பிள்ளை கல்யாணத்தையும் கெடுக்கிறாளே அந்தப் பாவி என்றாள். ஒரு வார்த்தை சொன்னால் உன் மேல் இருக்கிற பழி போய்விடும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது. நான் எப்படி ஆகிவிட்டேன் பார்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதும் அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். கயத்தாற்றைத் தாண்டி, அடுத்த மாவட்டத்துக் கிராமம் ஒன்று. கிடையை அவிழ்த்து, ஓட்டி, எண்ணி, அடைக்கிறது. விடிகிறவரை அடைத்துக்கொண்டிருக்கும். ஆடி பிறந்த மறுநாள் காலையில் அப்பா ஷட்டரைத் திறந்ததும் பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கிளம்புகிறேன். இன்னாசிராஜ் சித்தப்பா பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார். கோயம்புத்தூர் ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம், உன் வீட்டுக்காரரை அனுப்பு. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அத்தான் என்று எனக்கு வாய் வராது.

பயமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. இங்கே தண்ணி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தொட்டியில் ஒன்றும் இல்லை, குடிக்கிற தண்ணி இரண்டு குடம்தான் இருக்கிறது. எனக்கு எதை எடுத்து முழுகுவார்கள்?

பானு